கண்டக்டர் அம்மாவுக்கு ஒரு நியமன ஆணை

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வண்டியும் தின்பண்டம் விற்கிற ஒன்பது மெஷின்களும் நலம், நூலகத்து மெஷின் மட்டும் போன வாரத்திலிருந்து போட்ட நாணயத்தைத் திரும்பத் துப்புகிறது, அதையும் ஒரு சளி இருமல் என்று எடுத்துக்கொண்டு நலத்திலேயே சேர்த்துவிடு. நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பதாக ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய், அதை நான் நம்புகிறேன், உன் அம்மா நம்பவில்லை. இதையும் போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பாய். பேசத்தான் நினைத்தேன், மூன்று ஞாயிறாக நினைத்தேன். நான் தொண்டையைச் செருமினால் போதும், நீ சிரித்துக்கொண்டே அப்பா தோள் எப்படி இருக்கு என்கிறாய், நானும் தோளைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால் இன்று செவ்வாய்க்கிழமை மத்தியானம், உன் அம்மா வண்டிக்குக் காற்றடிக்கப் போயிருக்கும் நேரம் பார்த்து, உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குப் பெரிய குழப்பம் அம்மாடி. ஒரே ஒரு வார்த்தைதான், அதில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். நிரந்தரம் என்று எழுதுவதா, தற்காலிகம் என்று எழுதுவதா. வெள்ளிக்கிழமை காலைக்குள் தெரிய வேண்டும், அதை நீதான் சொல்ல வேண்டும், உன்னைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது.

முதலிலிருந்து வருகிறேன். என் வலது தோளை டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கையைத் தோளுக்கு மேலே தூக்கிச் செய்கிற வேலை இனிமேல் கூடாது என்றார். நான் விளக்கம் சொன்னேன், மெஷினில் மேல் இரண்டு தட்டுதான் டாக்டர் தோளுக்கு மேலே வரும், மற்ற நாலும் கீழேதான் என்று. அவர் தண்ணீர் பாட்டில் கேஸ் எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டார், சொன்னேன், அதற்கப்புறம் என்னிடம் அவர் பேசவே இல்லை, எல்லாவற்றையும் உன் அம்மாவிடம்தான் சொன்னார். நீ வெளிநாடு போன நாளிலிருந்து நம் ஏற்பாடு உனக்குத் தெரியும், அவள் வண்டி ஓட்டுவாள், நான் இறக்கி அடுக்குவேன். சரி என்று இரண்டு மூன்று நாள் அவளே ஓட்டி அவளே இறக்கிப் பார்த்தாள். நான் பின்னாலேயே போய், பார்த்து பார்த்து, சுவரில் இடிக்கப்போகிறாய், அந்தப் பிஸ்கட் பாக்கெட்டைத் தள்ளுகிற அந்தக் கம்பிச் சுருளுக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உதவியாகத்தான் சொன்னேன். மூன்றாம் நாள் துணி தைக்கிற தொழிற்சாலை வாசலில் கேஸை நங்கென்று என் காலடியில் வைத்துவிட்டு, ஒண்ணு நீங்க வாய மூடணும், இல்லன்னா ஒரு ஆள வைக்கணும், ரெண்டுல எதுன்னாலும் இன்னைக்கே நடக்கணும் என்றாள். வாயை மூடுவது என்னால் ஆகிற காரியமா, ஆள் வைப்பது என்று முடிவாயிற்று.

ஆள் தேவை நோட்டீஸை நானே டைப் அடித்தேன். தானியங்கி விற்பனை இயந்திரங்களில் பொருள் நிரப்பும் பணிக்கு நம்பகமான நபர் தேவை, விவரங்கள் நேரில், கீழே நம் வீட்டு முகவரி. வரி சுத்தமாக விழுந்திருந்தது, ஓரம் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. பத்திரிகைக்கு எதற்குக் கொடுக்க வேண்டும், நம்மிடம்தான் ஒன்பது கண்ணாடி இருக்கிறதே என்று ஒன்பது மெஷினிலும் ஒட்டினேன். எங்கே ஒட்டினேன் என்று கேள். புகார் சொல்ல நம் போன் நம்பர் எழுதியிருக்கிறதே, அதற்கு நேர் மேலே. அங்கேதான் இடம் இருந்தது. அடுத்த நாளிலிருந்து போன் வந்த வண்ணம் இருந்தது, அத்தனையும் புகார்க்காரர்கள், எனக்கு அது தெரியவில்லை. ஒருவர் நல்ல கணீரென்ற குரல். எவ்வளவு நாளாக முயற்சி செய்கிறீர்கள் என்று கேட்டேன், மூணு நாளா விடாம முயற்சி பண்றேன் சார் என்றார். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. என்ன படித்திருக்கிறீர்கள், முன் அனுபவம் உண்டா, பளு தூக்குவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன், பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், எல்லாம் சொல்லிட்டேன் சார், இப்பவாவது என் கடலை பாக்கெட் விழுமா என்று கேட்டார். உன் அம்மா பக்கத்தில் நின்று இதைக் கேட்டுச் சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கு அன்றைக்கே இரண்டு பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் காலை வாசல் மணி அடித்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், கட்டையான உருவம், தோளில் குறுக்கே ஒரு தோல் பை, கையில் என் நோட்டீஸ். ஒன்று இல்லை, நான்கு. எங்கெங்கே பார்த்தேனோ அங்கெல்லாம் கிழிச்சிட்டேன் சார், எனக்கு முன்னாடி வேற யாரும் வந்துடக் கூடாதுல்ல என்றாள். இதை நேர்மை என்பதா தில்லாலங்கடி என்பதா என்று எனக்குப் புரியவில்லை, இன்றுவரை புரியவில்லை. உன் அம்மா என் காதுக்குள் இவங்கதான் என்று சொல்லிவிட்டாள், அதற்குள் என்ன தெரிந்ததோ. பதினோரு வருஷம் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் கண்டக்டராக இருந்தாளாம், கம்பெனி வண்டிகளை விற்றுவிட்டுக் கதவைச் சாத்தியதும் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலைக்குப் போனாளாம். நான் பதினெட்டுக் கேள்விகளை இரட்டை இடைவெளி விட்டு டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தேன். உட்காருங்கள் என்றேன், நின்னே பழகிடுச்சு சார் என்றாள். அவள் நிற்க நான் உட்கார்ந்திருப்பது மரியாதையாக இல்லை, நானும் எழுந்து நின்றேன். நான் நிற்பதைப் பார்த்து உன் அம்மாவும் நின்றாள். நடுக்கூடத்தில் மூன்று நாற்காலிகளையும் காலியாக விட்டுவிட்டு மூன்று பேரும் நின்றுகொண்டே நேர்காணல் நடத்தினோம்.

நான் மூன்றாம் கேள்விக்கு வருவதற்குள் அவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள். சாவி யாரிடம் இருக்கும், மெஷின் காசை முழுங்கிவிட்டால் ஆள் என் மேல பாய்வானா, லீவு உண்டா, உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வது. எல்லாம் நியாயமான கேள்விகள், நான் என் பதினெட்டையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். சாவிக் கொத்தை எடுக்க உன் அம்மா உள்ளே போன நேரத்தில் அவள் மெதுவாக, இது பர்மனன்டா டெம்பரரியா சார் என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. நாலு மாதம்தான் அம்மா, என் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், இது அவள் ஆரம்பித்த தொழில், வந்துவிடுவாள், வந்ததும் அவளே பார்த்துக்கொள்வாள் என்று சொன்னேன். உன் அத்தை கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன், மருத்துவமனை வராந்தாவில் காவலாளி கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன், வாய் தானாகச் சொல்கிறது. அதற்குப் பிறகு உன் அம்மா அவளை வண்டி பார்க்க அழைத்துப்போனாள். ஐந்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்த அந்த அம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சார் நாலு மாசம்னாரு, நீங்க பர்மனன்ட்னு சொல்றீங்க, எங்களுக்கு அப்புறம்கூட நீங்க பார்த்துக்கலாம்னு சொல்றீங்க, ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டாள். நான் உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். மூன்று வருஷமாக ஒரே தட்டில் சாப்பிடாத குறையாகச் சேர்ந்தே கிடக்கிறோம், நீ வருவாயா மாட்டாயா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதே இல்லை. ஒருத்தி வந்து வேலை கேட்கப்போய் அது வெளியே விழுந்துவிட்டது.

அவளைப் பேசி அனுப்பிவிட்டு நான் உன் அம்மாவிடம் எகிறினேன். யாரைக் கேட்டு நிரந்தரம் என்று சொன்னாய் என்றேன். நீங்க யாரக் கேட்டு நாலு மாசம்னு சொன்னீங்க என்று அவள் திருப்பிக் கேட்டாள். நான்கு மாதம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லைதான். இரண்டு வருஷ வேலை என்று நீ போனாய், அது மூன்றாவது வருஷத்துக்கு நீண்டுவிட்டது, இன்னும் நான்கு மாதத்தில் நான்காவது தொடங்கும், அதற்குள் முடித்துக்கொள்வாய் என்று நானாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். அவள் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், உங்க பொண்ணு போன மாசம் என்ன வாங்கினேன்னு சொன்னா என்று கேட்டாள். அலமாரி என்றேன். எப்படி அலமாரி என்றாள். மூன்று கதவு, ஒரு பக்கம் முழுக் கண்ணாடி, நாலு பேர் சேர்ந்து மாடிக்கு ஏற்றினார்கள் என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். திரும்பி வரப்போறவ பெட்டி வாங்குவா, மூணு கதவு அலமாரி வாங்க மாட்டா என்றாள்.  அவளுக்கு வருத்தமே இல்லையா என்று கோபம் வந்தது, முகத்தைப் பார்த்தேன், அவள் என்னைக் காட்டிலும் முன்னாலேயே அழுது முடித்திருக்கிறாள் என்று தெரிந்தது. இதை அவளிடம் கேட்டு வைக்காதே, எனக்குத்தான் திட்டு விழும்.

இதற்கிடையில் கண்டக்டர் அம்மா ஹோட்டலில் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, வேலை எப்படின்னு பார்த்துடறேன், நீங்களும் என்னப் பார்த்துடுங்க என்று வந்தாள். முதல் நாள் வண்டியில் முன்சீட்டைக் காட்டினேன், உட்காரவில்லை, பின்னால் கேஸ்களுக்கு நடுவே ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். சாமான் ஏறியதும் வண்டியின் பக்கவாட்டில் பட்பட் என்று இரண்டு தட்டுத் தட்டி, போலாம் ரைட் என்றாள். உன் அம்மா நான் மூன்று வருஷமாகச் சொல்லி ஒருநாளும் கேட்காத வேகத்தில் கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டாள், நான் இன்னும் ஏறவில்லை. பாதித் தெரு ஓடித்தான் ஏறினேன். மூன்றாம் நாளுக்குள் மேடம் என்பது அக்கா ஆகிவிட்டது. நான் மட்டும் சாராகவே இருக்கிறேன். அவள் வேலையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஆசைதான், ஒன்றும் அகப்படவில்லை. மெஷின் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பாள், எந்தச் சுருளில் எத்தனை குறைகிறது என்று எண்ணாமலே சொல்லிவிடுவாள், பஸ்ஸில் தலை எண்ணிய கண் என்றாள். தொழிற்சாலையில் இடைவேளை மணி அடித்ததும் பெண்கள் கூட்டமாக வந்து நெருக்கினார்கள், நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன், அவள், ஒதுங்குங்க ஒதுங்குங்க, சில்லறைய கையில எடுத்து வச்சுக்கங்க என்று ஒரு குரல் விட்டாள், எல்லோரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒரு பொட்டலம் பாதியில் தொங்கியபோது ஒரு பெண் மெஷினை உதைக்கக் காலைத் தூக்கினாள். கண்டக்டர் அம்மா அவளைத் தடுத்து, இப்ப விழும் பாருங்க என்று தோளால் ஓரிடத்தில் ஒரு தள்ளுத் தள்ளினாள், விழுந்துவிட்டது. அந்த இடத்தை நான் மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்றில் மட்டும் சண்டை போட்டேன். மருத்துவமனை மெஷினின் உள்கதவில் நீ கையால் எழுதி ஒட்டிய அட்டவணை இருக்கிறதல்லவா, எந்தத் தட்டில் எது என்று. நோயாளிக்குத் துணைக்கு வந்தவங்க நாற்காலியில உட்கார்ந்துட்டே பார்க்கறாங்க சார், அவங்க கண்ணு படற தட்டுல தண்ணி இருக்கணும், சாக்லேட் இல்ல என்று அவள் எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினாள். அட்டவணைப்படிதான் இருக்க வேண்டும் என்றேன். யார் போட்ட அட்டவணை என்றாள். முதலாளி போட்டது என்றேன். அவங்க எப்ப கடைசியா இங்க வந்து பார்த்தாங்க என்றாள். நான் விறைப்பாக நின்றேன், அவள் பழையபடியே அடுக்கிவிட்டாள். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு அம்மாள் குனிந்து கீழ்த்தட்டில் தண்ணீரைத் தேடிக்கொண்டிருக்கிறாள், இடுப்பில் பட்டை கட்டியிருக்கிறாள். நானே கண்டக்டர் அம்மாவைக் கூப்பிட்டு உங்கள் இஷ்டப்படி மாற்றுங்கள் என்றேன். உன் அட்டவணையைக் கிழிக்கவில்லை, எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீ தப்பாக எண்ணக்கூடாது, நீ அதை எழுதும்போது அந்த வராந்தாவில் நாற்காலியே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள், எனக்கு ஆர்டர் ஒண்ணு எழுத்துல வேணும் சார் என்றாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆபீசில் எத்தனை ஆயிரம் பேருக்கு நியமன ஆணை அடித்திருப்பேன், என் சொந்தப் பொறுப்பில் ஒன்றுகூட அடித்ததில்லை. என் பழைய டைப் மெஷினை இழுத்துப் போட்டு, பார்வை, பொருள் எல்லாம் போட்டு, வேலை நேரம், வார விடுமுறை எல்லாவற்றையும் வரிசையாக அடித்துக்கொண்டே வந்தேன். இவர் கீழ்க்கண்ட பணியில் என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அங்கே அந்த வார்த்தை வர வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, முப்பத்திரண்டு வருஷம் செய்ததையே செய்தேன். முடிவு தெரியாத இடத்தில் டைப்பிஸ்ட் புள்ளி வைத்துவிடுவான், மேலதிகாரி பேனாவால் நிரப்பிக்கொள்வார். பன்னிரண்டு புள்ளி வைத்தேன். வீட்டில் மேலதிகாரி யாரும் இல்லை என்று அப்போது தோன்றவில்லை, அப்படியே கொடுத்துவிட்டேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்து அந்தப் புள்ளிகளில் நிறுத்தினாள். சார், பஸ் கம்பெனியில என்ன பதினோரு வருஷம் டெம்பரரியாவே வச்சிருந்தாங்க, ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் பார்க்கலாம்னாங்க, இழுத்து மூடினப்ப பர்மனன்ட் ஆளுங்களுக்கு மட்டும் ஏதோ கொடுத்தாங்க, எனக்கு நாளைலருந்து வராதேன்னு சொன்னாங்க. ஹோட்டல்லயும் வருஷத்துக்கு வருஷம் கையெழுத்துதான், இந்த வெள்ளிக்கிழமை அடுத்த கையெழுத்து. டெம்பரரின்னா டெம்பரரின்னே போட்டுக் கொடுங்க, நான் கோச்சுக்க மாட்டேன், அங்கயே இருந்துக்கறேன், ஆனா புள்ளி வேணாம் சார் என்றாள். காகிதத்தை மேஜை மேல் வைத்து, பறக்காமல் இருக்க என் கண்ணாடிக் கூட்டை அதன் மேல் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

இதுதான் நிலவரம். இப்போது புதன்கிழமை காலை, நேற்று காற்றடித்துவிட்டு உன் அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள், கடிதத்தை மடித்து வைக்க வேண்டியதாயிற்று. எனக்கு மண்டை காய்கிறது. இந்த முதலாளி வேலையே எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு மேலே எப்போதும் ஒருவர் இருந்தார், கீழே ஒருவர் என்பது பழக்கமே இல்லை. அவள் உள்ளே வந்தால் நான் எழுந்து நிற்கிறேன். போன வாரம் தோளுக்கு ஒத்தடம் கொடுக்கப் போக வேண்டியிருந்தது, நாளைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வரலாமா என்று நான் அவளிடம் அனுமதி கேட்டுவிட்டேன். அவளும் பெரிய மனசு பண்ணி, வாங்க சார் பார்த்துக்கலாம் என்றாள். இப்படிப்பட்டவன் ஒருத்தியின் பிழைப்பில் ஒரு வார்த்தையை எழுத வேண்டும் என்றால் எப்படி. நிரந்தரம் என்று எழுதி நீ வந்து நின்றால் உனக்கு நான் என்ன சொல்வேன், நீ சேர்த்த பணத்தில் பழைய மெஷின் இரண்டு வாங்கித் துடைத்து வைத்தவள் நீ. தற்காலிகம் என்று எழுதி நீ வராமலே இருந்தால் அவளுக்கு என்ன சொல்வேன். எந்த ஆபீஸ் விதிப்படியும் பொறுப்பு பார்க்கிறவன் நிரந்தர ஆணை போட முடியாது, உரிமையாளர்தான் போட வேண்டும் என்று உன் அம்மாவிடம் வாதாடிப் பார்த்தேன். அப்போ உரிமையாளருக்கே எழுதிக் கேளுங்க, சும்மா என் உயிர வாங்காதீங்க என்றாள். அதனால்தான் கேட்கிறேன், வளைக்காமல் நேராகச் சொல். நீ வருகிறாயா, அங்கேயே இருக்கப் போகிறாயா. எதைச் சொன்னாலும் அப்பா வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன், அது பொய், ஒன்றைச் சொன்னால் வருத்தப்படுவேன். ஆனால் தாங்கிக்கொள்வேன்.

வியாழக்கிழமை. கடிதத்தை முடித்து உறையில் போட்டுக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மாள் எடை போட்டுவிட்டு, போய்ச் சேர பன்னிரண்டு நாள் ஆகும் சார், முன்னப் பின்ன இருக்கும் என்றாள். நான் நாளைக்குப் பதில் வேண்டும் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்ப போன் பண்ணுங்க என்றாள். எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தபால் போக எத்தனை நாள் ஆகும் என்று எனக்கா தெரியாது. ஆபீசில் புதுசாக வருகிற பையன்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுப்பேன், பதில் வேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கி நாளை எண்ணி அனுப்ப வேண்டும் என்று. அப்படிப்பட்டவன் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டிய பதிலுக்குச் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து கடிதம் எழுதியிருக்கிறேன், அதுவும் மேஜையில் கைக்கெட்டும் தூரத்தில் போன் இருக்கும்போது. யோசித்துப் பார்த்தேன். பதில் வரக்கூடாது என்றுதான் கடிதம் எழுதியிருக்கிறேன் அம்மாடி. பதில் எனக்குத் தெரியும். நீ தோளைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றியபோதெல்லாம் எனக்குத் தெரியும். நீ சொல்லத் தயங்கினாய், நான் கேட்கத் தயங்கினேன், நடுவில் பாவம் அந்த அம்மாளை நிறுத்தி வைத்துவிட்டோம். பெஞ்சில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை, உன் அம்மா வண்டியோடு தேடிக்கொண்டு வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் ஆணையை முதலிலிருந்து புதிதாக டைப் அடித்தேன். அந்த இடம் வந்தபோது நிரந்தரம் என்று அடித்தேன், ஆறு எழுத்துக்கு ஆறு நிமிஷம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். நானும் உன் அம்மாவும் இருவருமாகக் கையெழுத்துப் போட்டோம். கண்டக்டர் அம்மா ஹோட்டலுக்குப் போகிற வழியில் வந்தாள். வண்டி பக்கத்திலேயே நின்று இரண்டு முறை படித்தாள், மூன்றாம் முறை அந்த ஒரு வரியை மட்டும் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்க பதினோரு வருஷம் கிடைக்காதது சார் என்றாள். நான்காக மடித்துத் தோல் பைக்குள் வைத்து மூடிய பிறகு, கண்டக்டர் புத்தி, ஒன்றைத் தீர்த்துக்கொள்ளாமல் போக மாட்டாளே, உங்க பொண்ணு வந்தா என்ன சார் பண்ணுவீங்க, இப்பவே சொல்லிடுங்க, பின்னாடி யாருக்கும் சங்கடம் வரக்கூடாது என்று கேட்டாள். என் வாய் தானாகத் திறந்தது, வந்துடுவா என்றுதான் வந்திருக்க வேண்டும். லீவுக்கு வருவா, வந்தா நீங்கதான் அவளுக்கு எல்லா மெஷினையும் சுத்திக் காட்டணும் என்று சொன்னேன். மூன்று வருஷத்தில் லீவுக்கு என்ற வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. உன் அம்மா வண்டிக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள், அது சுத்தமாகத்தான் இருந்தது. நான் உள்ளே வந்து கொஞ்ச நேரம் அழுதேன், இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. இப்போது சரியாகிவிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, நீ ஒரு தப்பும் செய்யவில்லை, பிடித்த இடத்தில் பிடித்த வேலையில் இருக்கிறாய், அதற்குத்தானே படிக்க வைத்தோம். நீ எங்களுக்காக எதையும் இழுத்துப்பிடித்துப் பேச வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் அப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் சரி என்பேன்.

கடிதத்தை முடிக்கிறேன், கண்டக்டர் அம்மா திங்கட்கிழமையிலிருந்து வருகிறாள், அதற்குள் அவளுக்கு ஒரு சாவிக் கொத்து வெட்டி வாங்க வேண்டும். குளிரில் தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே, காலையில் வெறும் காபியைக் குடித்துவிட்டு ஓடாதே. எல்லா நலமும் பெற்று நீ நினைத்தது நடந்து நிம்மதியாக இருக்க வேண்டும், உன் அம்மாவும் நானும் தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறோம். இந்த வருஷம் உனக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று உன் ஆபீசில் இப்போதே கேட்டு வை. கிடைக்கிற லீவு அத்தனையையும் எங்களுக்கே கொடு மகளே, ஒரு நாளைக்கூட வேறெங்கும் செலவழிக்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா